புளித்த மண்ணும் பழவேற்காட்டுக் கிளிஞ்சலும்

கும்மிடிப்பூண்டி என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று, சென்னையிலிருந்து வடக்கே செல்லும் புறநகர் மின்ரயிலின் பெயர்ப்பலகை. மற்றொன்று, சிப்காட் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள். அவற்றின் அடியில் கிடக்கும் மண்ணைப் பற்றி இலக்கிய வாசகர்கள் பேச என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றலாம். ஒரே பிரதியை வெவ்வேறு காலத்தவர் வெவ்வேறு தேவையோடு வாசித்த கதைகளில் நமக்கு எப்போதும் ஆர்வம் உண்டு. திருவள்ளூர் மாவட்டத்து மண் அப்படி வாசிக்கப்பட்ட ஒரு பிரதி. வரிவாங்க வந்தவர் ஒருவிதமாகவும், கல் தேடி வந்தவர் ஒருவிதமாகவும், நெல் விளைவித்தவர் ஒருவிதமாகவும் அதைப் படித்தார்கள். அம்மண்ணின் புளிப்பு, அதாவது அமிலத்தன்மை, எப்போது யாருடைய கண்ணுக்குப் புலப்பட்டது, யாருக்காகத் திருத்தப்பட்டது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இப்பொருளை எடுத்துக்கொள்ள ஒரு காரணம் உண்டு. அமெரிக்காவில் மான் முதலிய விலங்குகளுக்கென்றே தீவனம் விதைக்கும் சிறு வயல்கள் இருக்கின்றன. வேட்டையை ஒட்டி வளர்ந்த வழக்கம் அது. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அத்தகைய வேட்டைக்கு இடமில்லை. ஆனால் ஏரிக்கரையிலும் ஆலைகளைச் சுற்றிய பசுமைப் பட்டைகளிலும் பறவைக்கும் முயலுக்கும் இரையாகும் செடிகளை வளர்க்க விரும்புவோர் இங்கும் உண்டு. அவர்கள் முதலில் எதிர்கொள்ளும் அறிவுரை அந்த அமெரிக்க வயல்களிலிருந்து வருவதுதான்: மண்ணைச் சோதித்துப் பார், புளித்திருந்தால் சுண்ணாம்பு இடு. அறிவுரையின் முற்பாதி எங்கும் பொருந்தும். பிற்பாதி கும்மிடிப்பூண்டிக்குப் பொருந்துமா?

மூன்று மண்

மேற்கே ஊத்துக்கோட்டை, தேர்வாய் கண்டிகைப் பக்கம் செம்மண்ணும் சரளையும் கலந்த மேட்டு நிலங்கள். நடுவே ஏரிகளும் அவற்றின் ஆயக்கட்டு வயல்களும். கிழக்கே ஆரம்பாக்கம், சுண்ணாம்புக்குளம் வழியாகச் சென்றால் பழவேற்காட்டு ஏரியின் உவர்க்கரை. ஒரு நாள் நடையில் கடந்துவிடக்கூடிய தொலைவுக்குள் மூன்று குணமுள்ள மண். மாவட்டம் முழுதும் மண் புளித்துக் கிடக்கிறது என்று நாம் சொல்லவில்லை. கடலோரத்தில் அதற்கு நேர்மாறான உவரும் களரும் உண்டு. புளிப்புக்குச் சாய்வது மேட்டுச் சரளையும் மணற்பாங்கான செம்மண்ணும்தான்.

ஏன் புளிக்கிறது? மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இறங்குவதால் இயல்பாகவே சற்று அமிலத்தன்மை கொண்டது. மாசில்லாத மழைநீரின் பி.எச். ஏறத்தாழ 5.6. ஆயிரக்கணக்கான பருவங்கள் அந்நீர் மண்ணின் ஊடே இறங்கும்போது கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் ஆகியவற்றைக் கழுவிச் செல்கிறது. எஞ்சுபவை இரும்பும் அலுமினியமும். இரும்பு செந்நிறத்தைத் தருகிறது. பி.எச். 5.5க்குக் கீழே இறங்கும்போது அலுமினியம் கரைந்து வேரைத் தாக்கத் தொடங்குகிறது. மணிச்சத்து இரும்போடும் அலுமினியத்தோடும் பிணைந்து செடிக்குக் கிடைக்காமல் போகிறது.

இத்தகைய மண்ணுக்கு அறிவியலில் பெயர் கிடைத்தது தென்னிந்தியாவில்தான். 1800ஆம் ஆண்டின் இறுதியில் மலபாரில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், அங்காடிப்புரத்தின் அருகே, வெட்டும்போது மென்மையாகவும் காற்றுப்பட்டால் கல்லாக இறுகுவதாகவும் உள்ள செந்நிற மண்ணைக் கண்டார். செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக் கொண்டு அதற்கு லேட்டரைட் என்று பெயரிட்டார். அவருடைய பயண நூல் 1807இல் வெளிவந்தது. நாம் செம்புறைக்கல் என்றும் சரளை என்றும் சொல்வது இதைத்தான்.

திருவள்ளூர்ச் சரளைக்கு உலகப் புகழ் வந்தது வேறொரு வழியில். 1863ஆம் ஆண்டு மே 30 அன்று இராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் கொசஸ்தலையாற்றை அடுத்த அத்திரம்பாக்கத்தில் செம்புறைச் சரளையினிடையே மேலும் பல கருவிகளைக் கண்டனர். பிற்காலத்தில் சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் அங்கு நடத்திய அகழாய்வுகளின் முடிவுகள் 2011இலும் 2018இலும் வெளிவந்தன. அவை அங்கு மனித முன்னோரின் இருப்பை ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கும், இடைப்பழங்கற்காலக் கருவி மரபின் தொடக்கத்தை ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கும் பின்னே கொண்டு சென்றன.

இவ்வளவு கருவிகள் கிடைத்த இடத்தில் விலங்கெலும்புகள் மிக அரிது. சில பற்களும், குளம்புத் தடங்கள் எனக் கருதப்படும் பதிவுகளுமே பேசப்படுகின்றன. எலும்பு கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்தது. புளித்த மண்ணில் நெடுங்காலம் கிடந்தால் கரைந்துவிடும். வெப்பமண்டலத்துச் செம்மண் பகுதிகளில் எலும்பு எஞ்சாமைக்கு இதுவும் ஒரு காரணம். வேட்டையாடியவரின் கல்லை மண் காத்துவைத்தது. வேட்டையாடப்பட்ட விலங்கைப் பெரும்பாலும் தின்றுவிட்டது. இந்நிலத்துக் காட்டுயிர் வரலாற்றின் முதல் ஏடுகள் நமக்குக் கிடைக்காமல் போனதில் புளிப்புக்கும் பங்குண்டு.

தரம் பார்த்த கண்

தமிழில் கெட்ட நிலத்தைக் குறிக்கப் பழஞ்சொற்கள் உண்டு. உவர் என்றோம், களர் என்றோம். கல்லாதவர்க்கு உவமையாக வள்ளுவர் களரைத்தான் எடுத்தாண்டார். ஆனால் அமில நிலம் என்பது நவீன காலக் கலைச்சொல். உப்பு நிலத்தின் மேல் வெண்மையாகப் பூத்துக் கண்ணுக்குத் தெரியும். புளிப்பு அப்படிப் பூப்பதில்லை. அதற்குத் தனிப்பெயர் நிலைபெறாமல் போனதற்கு இது ஒரு காரணமாகலாம் என்பது நம் கருத்து. மற்றொரு காரணத்தைப் பின்னர்ச் சொல்வோம்.

ஆங்கிலேய ஆட்சி மண்ணை வாசித்தது வரிக்காக. 1850களின் இறுதியில் சென்னை மாகாணத்தில் நிலவரித் திட்டத்துக்கெனத் தனித்துறை அமைந்தது. அதன் அலுவலர்கள் நிலத்தைக் கரிசல், செவ்வல், மணல் என்று இனம்பிரித்தார்கள். ஒவ்வொன்றையும் களி, பசலை, மணல் என மேலும் பகுத்தார்கள். விளைவையும் விலையையும் கணக்கிட்டுத் தரம் நிர்ணயித்தார்கள். நிறமும் நயமும் பார்த்த அந்தக் கண்ணுக்குப் புளிப்பு தெரியவில்லை. தெரியவேண்டிய தேவையும் இல்லை. குறைவாக விளையும் செவ்வல் கீழ்த்தரம், அவ்வளவே. அதற்கும் கீழே தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, மேய்க்கால், புறம்போக்கு என்று கணக்குப் புத்தகம் நீண்டது.

இச்சொற்கள் நம் காலம் வரை வேலை செய்தன. 2000களின் இறுதியிலும் அதை அடுத்த ஆண்டுகளிலும் தேர்வாய் கண்டிகையில் தொழிற்பூங்காவுக்காக ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் எடுக்கப்பட்டபோது, அது தங்கள் மாடுகளின் மேய்ச்சல் நிலம், தாங்கள் காத்துவந்த காடு என்று அவ்வூர் மக்கள், பெரும்பாலும் தலித் மக்கள், போராடினார்கள். புத்தகத்தில் கீழ்வரிசையில் இருந்த நிலம் மக்களின் வாழ்வில் அப்படி இல்லை. காட்டுயிர்களுக்கும் அப்படி இல்லை. களா, காரை, சூரை, ஈச்சை போன்றவை வளரும் சரளை மேடு, கொண்டைக்குருவிக்கும் மயிலுக்கும் முயலுக்கும் நரிக்கும் யாரும் உழாமலும் விதைக்காமலும் கிடைக்கும் உணவு வயல். அம்மண்ணின் புளிப்பு அச்செடிகளுக்குக் குறையாகவில்லை.

நீரே மருந்தாக இருந்தது

தனிப்பெயர் நிலைபெறாமைக்கு மற்றொரு காரணம் உண்டு என்றோம். அது ஏரி.

கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில் டபிள்யூ. எச். ஹாரிசனும் பி. ஏ. சுப்பிரமணிய ஐயரும் 1913 முதல், நீர் தேங்கிய நெல்வயல் மண்ணிலிருந்து எழும் வாயுக்களை ஆராய்ந்து தொடர் கட்டுரைகள் வெளியிட்டார்கள். நெல்வயல் வெறும் நனைந்த நிலமன்று, தனி வேதியியல் கொண்ட உலகம் என்பதை உணர்த்திய முன்னோடி ஆய்வுகள் அவை. இத்துறையை முழுமையாகத் தொகுத்துச் சொன்னவர் இலங்கையிலிருந்து பிலிப்பைன்ஸின் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்துக்குச் சென்ற எஃப். என். பொன்னம்பெரும. நீரில் மூழ்கிய மண்ணின் வேதியியல் பற்றிய அவருடைய நெடுங்கட்டுரை 1972இல் வெளிவந்தது.

அதன் சாரம் இதுதான். வயலில் நீர் தேங்கியதும் மண்ணுக்குள் உயிர்வளி தீர்ந்துபோகிறது. அப்போது நுண்ணுயிர்கள் இரும்பின் ஆக்சைடுகளைச் சிதைத்து மூச்சுவிடுகின்றன; அந்த வினையில் அமிலம் செலவாகிறது. சில வாரங்களில் புளித்த மண்ணின் பி.எச். 6.5க்கும் 7க்கும் அருகே உயர்ந்துவிடுகிறது. அலுமினியம் அடங்குகிறது, கட்டுண்ட மணிச்சத்து விடுபடுகிறது. செம்மண்ணில் இதற்கு வேண்டிய இரும்பு ஏராளம். ஆகவே ஏரி வெட்டி, கலிங்கு கட்டி, மதகு திறந்து நெல் நட்டவர்கள், பெயர் தெரியாத ஒரு நோய்க்கு ஆண்டுதோறும் மருந்திட்டுக்கொண்டிருந்தார்கள். நோய் வெளிப்படாத வீட்டில் அதற்குப் பெயரெதற்கு?

இம்மருந்தின் பயன் நெல்லோடு நிற்கவில்லை. சமநிலைக்கு வந்த நீரில் நத்தை பெருகும். நத்தையின் ஓடு கால்சியம் கார்பனேட். மிகப் புளித்த நீரில் அது ஓடு கட்டத் திணறும். நத்தை உள்ள வயலுக்கு நத்தை குத்தி நாரை வரும். கொக்கும் அரிவாள் மூக்கனும் வரும். அப்பறவைகளின் எச்சம் மண்ணுக்கு உரமாகும். அக்காலச் செங்கல்பட்டு மாவட்டத்தின் தென்பகுதியிலிருந்த வேடந்தாங்கல் மக்கள் இதை நன்கறிந்திருந்தார்கள். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் தங்கள் வயலுக்கு உரம் என்று உணர்ந்ததால், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், பறவைகளைச் சுடுவதைத் தடுக்கும் ஆணையை ஆங்கிலேய நிர்வாகத்திடமிருந்து பெற்றார்கள். இன்றைய திருவள்ளூர் மாவட்டம் 1997இல் பிரிக்கப்படும்வரை அதே செங்கல்பட்டின் பகுதியாகவே இருந்தது. ஏரியும் வயலும் நத்தையும் நாரையுமான அந்த ஏற்பாட்டை விடப் பெரிய காட்டுயிர் உணவு வயலை நாம் அறியோம்.

ஆனால் நீர் தந்த திருத்தம் நீர் உள்ளவரைதான். வயலை வடித்துக் காயவிட்டால் இரும்பு மீண்டும் உயிர்வளியோடு சேரும், பி.எச். பழைய நிலைக்கே இறங்கும். ஆயக்கட்டு சுருங்கி, நெல் போய், நிலம் மனைக்காகவோ ஆலைக்காகவோ காத்துக் கிடக்கும் இடங்களில் நடப்பது இதுவே. போதாக்குறைக்கு உரமும் சேர்ந்தது. 1971இல் உற்பத்தியைத் தொடங்கிய மணலி உர ஆலை இப்பகுதிக்கு அண்டை வீடு. யூரியாவோ அம்மோனியம் சல்பேட்டோ மண்ணில் நைட்ரேட்டாக மாறும்போது அமிலம் பிறக்கிறது. 100 கிலோ அம்மோனியம் சல்பேட் உண்டாக்கும் புளிப்பை ஆற்ற ஏறத்தாழ 110 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் வேண்டும்; யூரியாவுக்கு ஏறத்தாழ 80 கிலோ. பழைய புளிப்பு மழை தந்தது. புதிய புளிப்பு நாம் தந்தது.

எண்ணாக மாறிய சுவை

புளிப்பை எண்ணாக்கியவர் டென்மார்க்கின் சோரன்சன். கோபன்ஹேகனில் மதுவாலை ஒன்றோடு இணைந்த கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் பணியாற்றிய அவர் 1909இல் பி.எச். அளவுகோலை வகுத்தார். 7 நடுநிலை, கீழே போகப் போகப் புளிப்பு. ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்பதை மறந்துவிடக்கூடாது. பி.எச். 5 உள்ள மண், 6 உள்ள மண்ணைவிடப் பத்து மடங்கு புளித்தது.

இந்தியாவில் மண் பரிசோதனை ஒரு பொதுச்சேவையானது 1955-56இல், அமெரிக்க ஒத்துழைப்போடு 24 ஆய்வகங்கள் நிறுவப்பட்டபோது. 2015 பிப்ரவரியில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் 12 அளவுகளைக் குறிக்கிறது, பி.எச். அவற்றில் ஒன்று. சோதனை முறை எளிது. வரப்போரம், மரநிழல், எருக்குவியல் இருந்த இடம் ஆகியவற்றைத் தவிர்த்துப் பத்துப் பதினைந்து இடங்களில் 'வி' வடிவக் குழிவெட்டி, மேலிருந்து 15 செ.மீ. ஆழம்வரை பக்கச் சுவரிலிருந்து மண்ணைச் சுரண்டி எடுக்கவேண்டும். எல்லாவற்றையும் கலந்து நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை நீக்கி, மீண்டும் கலந்து அரைக்கிலோ வரும்வரை குறைக்கவேண்டும். நிழலில் உலர்த்திச் சலித்த மண் ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு நீர் சேர்த்துக் கலக்கிக் கருவியால் அளப்பார்கள்.

ஆனால் இந்த எண் பாதி உண்மையைத்தான் சொல்லும். நீரில் கரைந்து நிற்கும் புளிப்பே அதில் தெரிவது. களித்துகளிலும் மக்கிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் புளிப்பு அதைவிடப் பன்மடங்கு. நீரிலுள்ளதை நீக்கினால் சேமிப்பிலிருந்து மீண்டும் வரும். பி.எச். 5 காட்டும் மணலும் பி.எச். 5 காட்டும் களியும் ஒரே அளவு சுண்ணாம்பு கேட்பதில்லை. களி பலமடங்கு கேட்கும். இந்தச் சேமிப்பை அளக்க, அமிலத்தைத் தாங்கும் கரைசலை மண்ணோடு கலந்து அதன் பி.எச். எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கும் முறை உண்டு. ஷூமேக்கர், மெக்லீன், பிராட் ஆகியோர் 1961இல் வெளியிட்ட முறை இந்திய ஆய்வகங்களிலும் பின்பற்றப்படுகிறது. பி.எச். எண்ணை மட்டும் பார்த்துச் சுண்ணாம்பு இடுவது, காய்ச்சல் உண்டென்று கேட்டதும் கைக்கு வந்த மாத்திரையைக் கொடுப்பதற்குச் சமம்.

இடும் பொருளிலும் வேறுபாடு உண்டு. தூய சுண்ணாம்புக்கல்லின் ஆற்றலை 100 என்று கொண்டால், நீற்றிய சுண்ணாம்புக்கு ஏறத்தாழ 135, நீற்றாத சுட்ட சுண்ணாம்புக்கு 179. ஒரு டன் சுண்ணாம்புக்கல் தூள் வேண்டிய நிலத்துக்கு நீற்றிய சுண்ணாம்பு ஏறத்தாழ 740 கிலோ போதும். தூள் எவ்வளவு நுண்மையோ அவ்வளவு விரைவு. ஆயினும் பலன் தெரிய மாதங்களாகும். அளவு மிஞ்சினால் துத்தநாகமும் இரும்பும் போரானும் செடிக்குக் கிட்டாமல் போகும்.

கிளிஞ்சலின் விலை

மண் புளித்திருப்பதை நோயாகக் கண்டு, சுண்ணாம்பை மருந்தாக முறைப்படி எழுதியவர்களில் முன்னவர் அமெரிக்காவின் வர்ஜீனியாவைச் சேர்ந்த எட்மண்ட் ரஃபின். சுண்ணச்சத்து உரங்களைப் பற்றிய அவருடைய நூல் 1832இல் வந்தது. தம் தோட்டத்து நிலத்தின் அடியில் புதைந்திருந்த தொல்காலச் சிப்பிப் படுகையைத் தோண்டி மேலே பரப்பி, களைத்த நிலத்தை அவர் மீட்டார். தோண்டியவர்கள் அவர் அடிமையாக வைத்திருந்த கறுப்பின மக்கள். அடிமை முறையைக் கடைசிவரை வெறியோடு ஆதரித்தவர் ரஃபின். மண்ணைத் திருத்திய அறிவு, அதைத் தோண்டியவர் கைகளைப் பற்றிக் கவலைப்படவில்லை.

அதே சிப்பி மருந்து நம் கதையிலும் அண்டையிலேயே இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய பழவேற்காட்டின் ஏரி, கிளிஞ்சலுக்குப் பெயர்போனது. கரையிலும் படுகையிலும் படிந்த கிளிஞ்சலை அள்ளிச் சூளையிலிட்டுச் சுண்ணாம்பாக்குவது நெடுநாளைய தொழில். வெளிநாட்டார் வியந்து எழுதிய பளபளப்பான சென்னைச் சாந்துக்கு மூலமும் கிளிஞ்சல் சுண்ணாம்புதான். ஏரியோரத்துச் சுண்ணாம்புக்குளம் அப்பொருளைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கிறது. மேற்கே புளித்த மேடு, கிழக்கே அதன் மருந்து. இடையே ஒரு லாரிப் பயணம்.

இந்த எளிமைதான் நமக்கு அச்சமூட்டுகிறது. கிளிஞ்சல் படுகை வெறும் குப்பையன்று. சிப்பியின் இளம்பருவம் நீந்தித் திரிந்தபின் பற்றிக்கொள்ளக் கெட்டியான தளம் தேடும். பழைய சிப்பியோடுகளே அதற்கு உகந்த தளம். சிப்பியும் இறாலும் மீனும் நம்பியிருக்கும் படுகையைத் தோண்டினால் அவற்றை நம்பிய மீனவரும் பறவையும் இழப்பர். பழவேற்காட்டின் தமிழகப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம். சரணாலயப் பறவையின் படுகையைப் பறித்து வேறோரிடத்துப் பறவைக்கு வயல் அமைப்பது என்ன நியாயம்? சுண்ணாம்பு வேண்டுமானால் அது எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியும் சோதனையின் ஒரு பகுதியாகவேண்டும்.

யாருக்காகத் திருத்துவது?

அப்படியானால் மண்ணைத் திருத்தவே கூடாதா? அதுவும் உண்மையன்று. நெதர்லாந்தில் கிரேவ்லண்டும் உடன் ஆய்வாளர்களும் 1994இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அமில மழையால் காட்டுமண்ணின் கால்சியம் குறைந்தது, நத்தைகள் அருகின, நத்தையோட்டிலிருந்து முட்டைக்குச் சுண்ணம் பெற்ற பட்டாணிக்குருவிகளின் முட்டைகள் மெலிந்து உடைந்தன. ஓட்டுத் துண்டுகளைத் தனியே இரையாக வைத்தபோது முட்டைகள் தேறின. மண்ணின் புளிப்பு நத்தை வழியாகக் கூட்டுக்குள் இருக்கும் முட்டை வரை ஏறிவரும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் புல்வெளிச் சோதனை மறுபக்கத்தைச் சொல்கிறது. 1856 முதல் நடந்துவரும் அச்சோதனையில் 1903இலிருந்து சில பகுதிகளுக்குச் சுண்ணாம்பும் இடப்படுகிறது. அம்மோனியம் சல்பேட்டால் கடுமையாகப் புளித்த பகுதிகளில் விரல்விட்டு எண்ணும் இனங்களே எஞ்சின. ஆனால் எதுவும் இடாமல் விட்ட பகுதிகள், மிதமாகப் புளித்த நிலையிலேயே, மிகுந்த இனவளம் கொண்டவையாக நிற்கின்றன. இயல்பான புளிப்பு பன்மையைக் கெடுப்பதில்லை. திணிக்கப்பட்ட புளிப்பே கெடுக்கிறது.

இவ்விரண்டையும் வைத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்குத் திரும்புவோம். சரளை மேட்டுப் புதர்க்காட்டுக்குச் சுண்ணாம்பு வேண்டாம். அங்கே காரையும் களாவும் தம் மண்ணை அறியும்; சுண்ணாம்பிட்டு உரமிட்டால் வேகமாக வளரும் களைகள் அவற்றின் இடத்தைப் பிடிக்க வழிதிறக்கும். உரத்தால் புளித்துக் கைவிடப்பட்ட பழைய வயலில், முடிந்தால் நீரைத் திரும்பக் கொண்டுவருவதே முதல் மருந்து. முடியாத இடத்தில், காராமணி போன்ற பயறு விதைக்குமுன் அளந்து இடும் சுண்ணாம்பு உதவும்.

ஆலையோர நிலம் மூன்றாவது வகை. எச்சரிக்கை அதிகம் வேண்டுவது. இரும்பு உருக்காலைகளும், தீங்கான கழிவுகளுக்கான பொதுப் புதைகிடங்கும் உள்ள வட்டாரம் இது. இங்கே பி.எச். மட்டும் பார்ப்பது போதாது. ஈயம், காட்மியம், துத்தநாகம், குரோமியம், ஆர்சனிக் ஆகியவற்றையும் சோதிக்கவேண்டும். சுண்ணாம்பிட்டால் ஈயமும் காட்மியமும் துத்தநாகமும் பெரும்பாலும் அடங்கும். ஆனால் ஆர்சனிக்கும், குரோமியத்தின் நச்சு வடிவமும் பி.எச். உயரும்போது மேலும் நகரக்கூடும். ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு வழிவிடும். ஆலைக் கசடைச் சுண்ணாம்புக்கு மாற்றாகப் போடலாம் என்ற யோசனைக்கும் இதே சோதனை தேவை. மாசுபட்ட மண்ணில் பறவைக்கென்று தானியம் விளைவிப்பது, விருந்து என்ற பெயரில் நஞ்சு வைப்பதாகிவிடும். அத்தகைய இடத்தில் உணவு வயல் அமைக்காமலிருப்பதே அறம்.

தரம் பார்த்தவர் வரியைக் கேட்டார். மண் அதற்கு விடை சொன்னது. ஃபூட் கல்லைக் கேட்டார், கல் கிடைத்தது. மண்வள அட்டை பயிரைக் கேட்கிறது. நெல்லுக்கும் கடலைக்கும் எவ்வளவு உரம் என்று அது எழுதித் தருகிறது. நத்தைக்கும் நாரைக்கும் என்ன வேண்டும் என்று கேட்கும் அட்டையை நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும். அதில் முதல் வரியாக பி.எச். எண் இருக்கட்டும். அடுத்த வரியில், இந்தப் புளிப்பு மழை தந்ததா, உரம் தந்ததா, ஆலை தந்ததா என்று இருக்கட்டும். மூன்றாவது வரியில், இடப்போகும் சுண்ணாம்பு யாருடைய கரையிலிருந்து வருகிறது என்பதையும் எழுதிவிட்டு, அதன்பிறகு மண்வெட்டியை எடுப்போம்.